தமிழ் வலைப்பக்க வடிவமைப்பில் ஆர்வலர்களின் பங்கு

தமிழில் வலைப்பக்கங்களைத் தொழிலாக அன்றி, விருப்பத்தின் பேரில் உருவாக்கியவர்களின் வரலாறு 1990களின் நடுப்பகுதியில் தொடங்குகிறது. வேதியியலாளர், பொறியாளர், ஆசிரியர், மாணவர் எனப் பல துறையினர் இதில் ஈடுபட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் வடிவமைப்பை முறையாகப் பயின்றவர்கள் அல்லர். தம் வேலை நேரம் போக எஞ்சிய இரவுகளிலும் விடுமுறை நாள்களிலும் பக்கங்களை அமைத்தனர்.

ஆங்கிலத்தில் பக்கம் அமைத்த ஆர்வலருக்கு எழுத்து ஏற்கெனவே கணினியில் இருந்தது. நிறம், படம், பக்க அமைப்பு ஆகியவற்றை மட்டும் அவர் கவனித்தால் போதும். தமிழில் அமைத்தவர் எழுத்திலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. எழுத்தைத் திரையில் காட்ட ஒரு வழி கண்ட பிறகே பக்கத்தை அழகுபடுத்த முடிந்தது. எனவே தமிழ் வலைப்பக்க வடிவமைப்பின் வரலாறு, எழுத்துருக்களின் வரலாற்றோடு பிரிக்க இயலாதபடி பின்னிக் கிடக்கிறது. எழுத்துக்கு அன்று தேர்ந்தெடுத்த வழியே, ஒரு பக்கம் இன்றும் படிக்கக் கிடைக்கிறதா, மறைந்துவிட்டதா என்பதைப் பெருமளவு தீர்மானித்தது.

பின்புலம்: வலையும் அதன் கருவிகளும்

உலகளாவிய வலை, ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வு நிறுவனத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் முன்வைத்த திட்டத்திலிருந்து உருவானது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இத்தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. அதே ஆண்டு வெளிவந்த மொசைக் உலாவி, எழுத்துக்கு இடையிலேயே படத்தையும் காட்டியது. 1995இல் நெட்ஸ்கேப் உலாவி அட்டவணைகளையும் பின்புலப் படங்களையும் அறிமுகப்படுத்தியது. ஒரு சொல்லை எந்த எழுத்துருவில் காட்ட வேண்டும் எனக் குறிக்கும் வசதியை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கொண்டுவந்தது. நெட்ஸ்கேப்பும் பின்னர் அதை ஏற்றது. இந்த வசதி இல்லாமல் அக்காலத் தமிழ்ப் பக்கங்கள் பரவியிருக்க முடியாது.

இக்கருவிகளைக் கையாள விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் தேவைப்படவில்லை. விண்டோசுடன் வரும் நோட்பேட் போதும். விரும்பிய பக்கத்தின் மூலநிரலைத் திறந்து பார்த்து, அதில் உள்ளதைப் படியெடுத்து மாற்றிப் பார்ப்பதே பலருக்கும் பாடமாக அமைந்தது. பக்கத்தை வைக்க இடமும் இலவசமாகக் கிடைத்தது. 1994இல் தொடங்கப்பட்ட ஜியோசிட்டீஸ் நிறுவனம், தன் இடத்தைக் கற்பனை நகரங்களாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டு எண்ணைப் போல முகவரி வழங்கியது. இலக்கியம், கல்வி சார்ந்த பக்கங்களுக்கு 'ஏதென்ஸ்' என்ற பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தொடக்கத்தில் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட மலிவான இணைப்பில் எழுத்து மட்டுமே தெரியும், படங்கள் தெரியா. தமிழ் வலைப்பக்க வடிவமைப்பின் முதல் முயற்சிகள் தமிழ்நாட்டைவிடச் சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் வாழ்ந்த தமிழரிடம் மிகுதியாகத் தோன்றியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வலைக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள்

வலை வருவதற்கு முன்பே தமிழ் கணினிக்குள் வந்துவிட்டது. கனடாவில் வாழ்ந்த முனைவர் சீனிவாசன் 1984இல் 'ஆதமி' என்னும் தமிழ்ச் சொற்செயலியை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களின் நடுவில் 'முரசு' மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம், 1990களின் முற்பாதியில் 'மயிலை' எழுத்துருவை உருவாக்கி இலவசமாக வழங்கினார். வலை பிறந்த ஜெனீவாவும் லோசானும் ஒரே ஏரியின் கரையில் அமைந்தவை என்பது இவ்வரலாற்றில் ஒரு சுவையான பொருத்தம்.

இவர்கள் அனைவரும் சந்தித்த சிக்கல் ஒன்றே. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என மொத்தம் 247 எழுத்துகள் உள்ளன. அக்காலக் கணினி எழுத்துருவில் இருந்ததோ 256 இடங்கள். அவற்றுள் முதல் 128 இடங்கள் ஆங்கில எழுத்து, எண், குறியீடு, கட்டுப்பாட்டுக் குறிகள் ஆகியவற்றுக்கு உரியவை. எனவே எழுத்தை முழுதாக வைக்காமல், கால், கொம்பு, கொக்கி எனத் துண்டுகளாக வைத்துச் சேர்த்துக் காட்டும் முறை கையாளப்பட்டது. தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் இதற்கு உதவியது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றின் தனி வடிவங்கள் நீங்கி, பொதுவான காலும் ஐகாரக் குறியும் அவ்விடத்தில் வந்ததால், எழுத்துருவில் வைக்க வேண்டிய துண்டுகள் குறைந்தன.

இத்துண்டுகளை 256 இடங்களில் எங்கே வைப்பது என்பதற்குப் பொது விதி எதுவும் அப்போது இல்லை. ஒவ்வொரு வடிவமைப்பாளரும் தமக்கு வசதியான இடத்தில் வைத்தார். மயிலை எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழை வைத்தது. எந்த வகைக் கணினியிலும் சிதையாமல் செல்லும் என்பது அதன் பயன். இலங்கையிலும் புலம்பெயர் தமிழரிடையேயும் பரவிய பாமினி எழுத்துருவும் அவ்வாறானதே. பாமினியில் எழுதிய 'தமிழ்' என்ற சொல், கோப்பினுள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே பதிந்திருக்கும். பாமினி இல்லாத கணினியில் படிப்பவருக்கு அந்த ஆங்கில எழுத்துகளே தெரியும்.

சிங்கப்பூர், 1995

வலையில் தமிழ் இடம்பெற்ற தொடக்ககால முயற்சிகளுள் சிங்கப்பூர் முயற்சி அதிகம் குறிப்பிடப்படுவது. எழுத்தாளரும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி (1946–1999), 'கணியன்' என்னும் தமிழ்க் கணினி முறையை உருவாக்கியிருந்தார். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் தின் வீ முதலானோருடன் இணைந்து, சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்றை நாட்டின் நான்கு அதிகாரபூர்வ மொழிகளிலும் வலையில் ஏற்றினார். இது 1995 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டது.

கோவிந்தசாமி கணினித் துறையில் பட்டம் பெற்றவர் அல்லர். சிறுகதை எழுத்தாளராகத் தொடங்கி, தம் மொழியைத் திரையில் காணும் விருப்பத்தால் கணினிக்கு வந்தவர். 1997 மே மாதம் சிங்கப்பூரில் நடந்த முதல் தமிழ் இணைய மாநாட்டிலும் அவர் முன்னின்றார். தமிழ் வலை வடிவமைப்பின் பிற்கால ஆர்வலர் பலரிடமும் காணப்படும் இயல்பு அவரிடமே தொடங்கிவிடுகிறது. சொல்ல வேண்டிய பொருள் முதலில் கையில் இருந்தது; அதற்கான கருவியைப் பிறகு அவர்களே செய்துகொண்டனர்.

பக்கத்தில் தமிழை வைத்த மூன்று வழிகள்

1995 முதல் 2003 வரையிலான காலத்தில் ஆர்வலர்கள் தமிழை மூன்று வழிகளில் பக்கத்தில் வைத்தனர். ஒவ்வொன்றிலும் ஓர் ஆதாயமும் ஓர் இழப்பும் இருந்தன.

முதல் வழி, எழுத்தைப் படமாக்குவது. சொற்செயலியில் தட்டச்சு செய்ததையோ தாளில் எழுதியதையோ ஜிஃப் படமாகச் சேமித்துப் பக்கத்தில் ஒட்டுவர். படிப்பவர் எந்த எழுத்துருவையும் நிறுவ வேண்டியதில்லை. வடிவமைத்தவர் கண்டபடியே அவரும் காண்பார். தமிழ்ச் சிற்றிதழ்களிலும் நூல் அட்டைகளிலும் தலைப்பைக் கையால் வரையும் மரபு உண்டு; ஓவியர் ஆதிமூலத்தின் எழுத்துகள் அம்மரபில் புகழ்பெற்றவை. கணினியில் கிடைத்த சில எழுத்துருக்களைவிடக் கையால் வரைந்த தலைப்பே பலருக்கு நிறைவளித்தது. ஆனால் படம் கனமானது. நொடிக்கு 28.8 கிலோபிட் வேகமுள்ள தொலைபேசி இணைப்பில் நொடிக்கு 3.6 கிலோபைட்டுக்கு மேல் வராது. 50 கிலோபைட் அளவுள்ள ஒரு படம் தெரிய ஏறத்தாழ 14 நொடி ஆகும். அதே உரையை எழுத்தாக வைத்தால் ஓரிரு நொடியில் வந்துவிடும். படத்தில் உள்ள சொல்லைத் தேடவோ படியெடுக்கவோ முடியாது என்பது மற்றொரு குறை.

இரண்டாம் வழி, ஓர் எழுத்துருவைக் குறிப்பிட்டு, அதைப் பதிவிறக்கி நிறுவிக்கொள்ளும்படி படிப்பவரிடம் கேட்பது. அக்காலத் தமிழ்ப் பக்கங்களின் முகப்பில் 'எழுத்துருவை இங்கே பெறுக' என்னும் இணைப்பு தவறாமல் இருந்தது. அதை எப்படி நிறுவுவது என்ற விளக்கம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். எழுத்துரு இல்லாதவருக்குத் தமிழ் விளக்கம் தெரியாது என்பதே காரணம். சொந்தக் கணினி உள்ளவருக்கு இது எளிது. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் பணம் கொடுத்துப் பார்ப்பவருக்கு எளிதன்று. அங்குள்ள கணினியில் எழுத்துருவை நிறுவ அவருக்குப் பெரும்பாலும் உரிமை இராது. தமிழ்நாட்டின் பிரவுசிங் சென்டர்களில் தமிழ்ப் பக்கங்கள் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரிந்ததற்கு இதுவே காரணம்.

மூன்றாம் வழி, இயங்கு எழுத்துரு. 1997இல் வந்த நான்காம் பதிப்பு உலாவிகள், பக்கத்தோடு சேர்த்து எழுத்துருவையும் தாமே இறக்கிக்கொள்ளும் வசதியைத் தந்தன. நெட்ஸ்கேப் ஒரு முறையையும் மைக்ரோசாஃப்ட் வேறொரு முறையையும் பின்பற்றின. இரு உலாவிகளிலும் தமிழ் தெரிய வேண்டுமெனில் ஒரே எழுத்துருவை இரண்டு வடிவங்களில் ஆக்கி வைக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் முறையில் எழுத்துருக் கோப்பைக் குறிப்பிட்ட வலைமுகவரி ஒன்றுக்கு மட்டும் உரியதாகக் கட்ட முடிந்தது. அவ்வாறு கட்டப்பட்ட தளம் வேறு முகவரிக்கு மாறினால், கோப்பை மீண்டும் உருவாக்கும்வரை எழுத்துகள் தெரியா.

பக்க அமைப்பும் அலங்காரமும்

எழுத்துச் சிக்கல் தீர்ந்த பிறகு பக்கத்தின் அமைப்பு. அக்காலத்தில் உலகெங்கும் ஆர்வலர்கள் கையாண்ட உத்திகளே தமிழ்ப் பக்கங்களிலும் காணப்பட்டன. எண்களைப் பட்டியலிட உருவான அட்டவணையை, கோடுகளை மறைத்துப் பக்கத்தைப் பத்திகளாகப் பிரிக்கப் பயன்படுத்தினர். ஒரு பிக்சல் அளவுள்ள, கண்ணுக்குத் தெரியாத ஜிஃப் படத்தை இழுத்து நீட்டி இடைவெளி உண்டாக்கினர். இவ்வுத்தியை அமெரிக்க வடிவமைப்பாளர் டேவிட் சீகல் 1996இல் வெளியிட்ட நூல் பரவலாக்கியது. 256 நிறங்கள் மட்டுமே காட்டிய திரைகளுக்காக, எல்லாக் கணினிகளிலும் ஒரேபோல் தெரியும் 216 நிறங்களுக்குள் நிற்க வேண்டியிருந்தது.

அலங்காரத்தில் தமிழ் அடையாளங்கள் இடம்பெற்றன. கோபுரம், குத்துவிளக்கு, கோலம், வள்ளுவர் உருவம் ஆகியவை தலைப்புப் பட்டையிலும் பின்புலத்திலும் காணப்பட்டன. கோலம் பின்புலப் படத்துக்கு இயல்பாகவே பொருந்தியது. பின்புலப் படம் என்பது சிறு சதுரம் ஒன்றைத் தரையில் ஓடு பதிப்பதுபோலத் திரும்பத் திரும்ப அடுக்கிக் காட்டுவது. புள்ளிக்கோலமும் ஒரே அலகு திரும்ப வரும் அமைப்புடையது. ஆயினும் கோலத்தின் மீது எழுத்தை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று மறைத்தன. படிப்படியாகக் கோலத்தை ஓரத்துக்குத் தள்ளி, நடுப்பகுதியை வெறுமையாக விடும் வழக்கம் வந்தது.

ஆங்கிலப் பக்கங்களில் எழாத சில சிக்கல்கள் தமிழில் எழுந்தன. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் சேர்ந்து மேலும் நீளும். உலாவிகள் தமிழ்ச் சொல்லை வரி முடிவில் உடைக்க அறியாதவை. எனவே ஒடுங்கிய பத்தியில் வரிதோறும் பெரிய இடைவெளிகள் விழுந்தன. மூன்று பத்திகளாக அமைக்கும் ஆங்கில வழக்கத்தைக் கைவிட்டு, ஒரு பட்டியும் ஓர் அகன்ற பத்தியுமாக அமைப்பது தமிழுக்குப் பொருந்தியது. 'கி', 'கீ' போன்றவற்றின் விலங்கு மேலே உயர்வதாலும், 'கு', 'மூ' போன்றவற்றின் சுழி கீழே இறங்குவதாலும் வரிகளுக்கிடையே கூடுதல் இடம் தேவைப்பட்டது. இணைப்புகளுக்கு உலாவி தானாக இடும் அடிக்கோடு, கீழே இறங்கும் இச்சுழிகளை வெட்டிச் சென்றது. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டினால், கொம்பு ஒருபுறமும் அதற்குரிய மெய் ஒருபுறமுமாகப் பிரிந்தன. சாய்வெழுத்து தமிழ் அச்சு மரபில் இல்லாத ஒன்று. திரையில் அது படிப்பதற்குக் கடினமாக இருந்தது.

இவற்றுக்கான விடைகளைக் கற்றுத்தரத் தமிழில் அப்போது பாடநூல் இல்லை. பக்கத்தை அமைத்துப் பார்த்து, வேறொரு கணினியில் திறந்து பார்த்து, படித்தவர் எழுதிய மின்னஞ்சலைக் கொண்டு திருத்தியே அறிந்துகொண்டனர்.

திஸ்கியும் 'இ' என்ற எழுத்தும்

ஒவ்வொரு தளமும் ஒவ்வோர் எழுத்துருவைக் கேட்டதால், பத்துத் தளங்களைப் படிக்கப் பத்து எழுத்துருக்களை நிறுவ வேண்டிய நிலை ஏற்பட்டது. இதற்குத் தீர்வாகத் தமிழ் ஆர்வலர்கள் 1997 முதல் மின்னஞ்சல் வழியே கூடி உரையாடி, 'திஸ்கி' என்னும் பொதுக் குறியேற்றத்தை வகுத்தனர். கல்யாணசுந்தரம், முத்து நெடுமாறன் உள்ளிட்ட பலர் இதில் பங்கேற்றனர். கீழ்ப்பாதி 128 இடங்களில் ஆங்கிலமும் மேற்பாதியில் தமிழுமாக அமைந்ததால், ஒரே எழுத்துருவில் இரு மொழியையும் எழுத முடிந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த இரண்டாம் தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் வேறு இரு குறியேற்றங்களை அறிவித்தது. ஆக, பொதுத் தரம் ஒன்றாக அமையவில்லை. பல தளங்கள் ஒரே பக்கத்தை இரண்டு அல்லது மூன்று குறியேற்றங்களில் வைக்க நேர்ந்தது.

குறியேற்றத்தின் நுட்பம் பக்கத்தின் தோற்றத்தை எவ்வாறு பாதித்தது என்பதற்குத் திஸ்கியின் 'இ' நல்ல எடுத்துக்காட்டு. அது முதலில் 173ஆம் இடத்தில் வைக்கப்பட்டது. பன்னாட்டுத் தரத்தில் அவ்விடம், வரி முடிவில் மட்டும் தோன்றும் மென்கோட்டுக்கு உரியது. சில உலாவிகள் அவ்விதியைப் பின்பற்றியதால், வரியின் நடுவே வரும் 'இ' காணாமல் போனது. பின்னர் 254ஆம் இடத்திலும் 'இ' வைக்கப்பட்டது. பக்கத்தை எவ்வளவு கவனமாக அமைத்தாலும், அடிப்படைக் குறியேற்றம் உறுதியாக இல்லாவிடில் சொல்லே குறைபடும் என்பதை இது உணர்த்தியது.

எளிய பக்கங்கள்: மதுரைத் திட்டம்

கல்யாணசுந்தரம் தம் 'தமிழ் மின்நூலகம்' என்ற பக்கத்தை ஜியோசிட்டீசின் ஏதென்ஸ் பகுதியில், 5180 என்ற எண்ணில் வைத்திருந்தார். எழுத்துருக்கள், நூல்கள், தமிழ்த் தளங்களின் பட்டியல் ஆகியவற்றை அது ஓரிடத்தில் தந்தது. 1998 பொங்கல் நாளில், அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ச்சுனனுடன் இணைந்து அவர் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் அனுப்ப, அவை மின்னூல்களாக வெளியிடப்பட்டன. வரிசையில் முதல் நூல் திருக்குறள்.

மதுரைத் திட்டத்தின் பக்கங்களில் அலங்காரம் மிகக் குறைவு. நூலின் பெயர், உழைத்தவர்களின் பெயர்கள், பிறகு நூல் என்ற ஒரே அமைப்பு எல்லா நூல்களிலும் தொடர்ந்தது. அக்காலத்தின் பளிச்சிடும் பக்கங்களோடு ஒப்பிட்டால் அது வெறுமையாகத் தோன்றியிருக்கும். ஆனால் எழுத்து எழுத்தாகவே இருந்ததால், குறியேற்றம் மாறியபோது நூல்களை மென்பொருளால் மாற்ற முடிந்தது. தொடக்ககால எழுத்துருக்களிலிருந்து திஸ்கிக்கும், அதிலிருந்து ஒருங்குறிக்கும் அவை பெயர்ந்தன. தோற்றத்தை எளிமையாக வைத்த முடிவு, நூல்களின் ஆயுளை நீட்டித்தது.

ஒருங்குறியும் தேனீ எழுத்துருவும்

உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி இடம் தரும் ஒருங்குறியில், 1991ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆனால் கணினிகள் அதைக் காட்டுவதற்கு ஏறத்தாழ பத்தாண்டு ஆயின. விண்டோஸ் 2000 இயங்குதளத்தில்தான் 'லதா' எழுத்துரு சேர்க்கப்பட்டது. அடுத்து வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் சரியாகத் தெரிய, நிறுவல் குறுந்தகட்டைச் செருகி மொழி வசதியைத் தனியே சேர்க்க வேண்டியிருந்தது. விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை. ஒருங்குறித் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் வலையில் மூன்று பைட் இடம் பிடிக்கும் என்பதும் அப்போது ஒரு தடையாகச் சொல்லப்பட்டது.

இந்த இடைவெளியை நிரப்பியவர்களுள் அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி (1953–2006) குறிப்பிடத்தக்கவர். தாமே முயன்று கணினி பயின்ற அவர், 'தேனீ' என்னும் ஒருங்குறி எழுத்துருவையும் அதன் இயங்கு வடிவத்தையும் உருவாக்கி இலவசமாக அளித்தார். வலைப்பக்கத்தில் சில வரி நிரலைச் சேர்த்தால், விண்டோஸ் 98 கணினியில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வழியே படிப்பவருக்கும் எழுத்துகள் தெரிந்தன. 2003ஐ ஒட்டித் தமிழில் எழுதத் தொடங்கிய பலரும் தேனீயைத் தம் பக்கங்களில் சேர்த்துக்கொண்டனர். செருமனியில் வாழ்ந்த சுரதா யாழ்வாணன் உருவாக்கிய எழுத்துரு மாற்றிகள், பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் இருந்த உரையை ஒருங்குறிக்கு மாற்ற உதவின. தமிழா குழுவின் எ-கலப்பை தட்டச்சை எளிதாக்கியது. மாலன் 2003இல் தொடங்கிய 'திசைகள்', ஒருங்குறியில் வெளிவந்த தொடக்ககாலத் தமிழ் இணைய இதழ்களுள் ஒன்று.

ஒருங்குறி வந்த பின்பும் வடிவமைப்புச் சிக்கல்கள் உடனே நீங்கவில்லை. பத்தியின் இரு ஓரங்களையும் சீராக்கும் கட்டளையைத் தந்தால், அக்கால ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் தமிழ் எழுத்துகள் துண்டுதுண்டாகச் சிதறின. 2008இல் மூன்றாம் பதிப்பு வரும்வரை, தமிழ்ப் பக்கம் அமைப்போர் அக்கட்டளையைத் தவிர்க்குமாறு ஒருவருக்கொருவர் அறிவுறுத்தி வந்தனர். 2010 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியை அதிகாரபூர்வத் தரமாக ஏற்றது.

வார்ப்புருக்களின் வருகை

ஒருங்குறி பரவிய அதே ஆண்டுகளில், ஆயத்த வார்ப்புருக்களும் பரவின. பிளாகர், வேர்ட்பிரஸ் போன்ற சேவைகளில் எச்.டி.எம்.எல் அறியாதவரும் சில நிமிடங்களில் பக்கம் தொடங்க முடிந்தது. எழுத விரும்பியவர்களின் தொகை பெருகியது. பக்கத்தைத் தாமே வரைந்தவர்களின் தொகை குறைந்தது. ஆங்கிலத்துக்கென அமைக்கப்பட்ட வார்ப்புருவில் தமிழ் எழுத்துகள் மிகச் சிறியனவாகவும் வரிகள் நெருக்கமாகவும் தெரிந்தன. எழுத்தளவையும் வரி இடைவெளியையும் கூட்டுவது, மாதங்களின் பெயர்களையும் பொத்தான்களையும் தமிழாக்குவது ஆகியவையே அக்கால ஆர்வலரின் வடிவமைப்பு வேலையாயின. பிறகு சமூக ஊடகங்கள் வந்தபோது அந்த அளவு உரிமையும் சுருங்கியது. அங்கு எல்லாருடைய பக்கமும் ஒரே தோற்றத்தில் இருக்கும்.

இழப்பும் மீட்பும்

ஜியோசிட்டீசை 1999இல் வாங்கிய யாகூ நிறுவனம், 2009 அக்டோபர் 26 அன்று அச்சேவையை மூடியது. பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த இலட்சக்கணக்கான தனியார் பக்கங்கள் ஒரே நாளில் வலையிலிருந்து நீங்கின. மூடுவதற்கு முன் ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழுவும் இணைய ஆவணகமும் இயன்ற அளவு படியெடுத்தன.

தமிழ்ப் பக்கங்களைப் பொறுத்தவரை, படியெடுக்கப்பட்டது மட்டும் போதாது. படமாக வைக்கப்பட்ட எழுத்தில், பக்கம் காப்பாற்றப்பட்டுப் படக்கோப்பு விடுபட்டிருந்தால் எஞ்சுவது வெற்றுக் கட்டம் மட்டுமே. பழைய எழுத்துருவில் உள்ள பக்கம் கிடைத்தாலும், இன்றைய உலாவியில் ஆங்கில எழுத்துகளின் குவியலாகவே தெரியும். தேடுபொறிக்கு அது தமிழ் என்று தெரியாது. எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்று கண்டறிந்தால் மட்டும், மாற்றி வழியே அதைத் தமிழாக மீட்க முடியும். இயங்கு எழுத்துருவை நம்பிய பக்கங்களுக்கும் இதே நிலைதான், அந்தப் பழைய கோப்பு வடிவங்களை இன்றைய உலாவிகள் ஏற்பதில்லை. தோற்றத்துக்காக மிகுதியாக உழைத்த பக்கங்களே மிகுதியாக அழிந்தன என்பது இவ்வரலாற்றின் வருந்தத்தக்க பகுதி.

இன்றைய நிலை

எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் பழைய எண்ணம், பொதுத் தரமாக 2012இல் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் ஏற்பைப் பெற்றது. கூகுள் எழுத்துருத் தொகுப்பில் பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த 'கேட்டமரன்', 'மீரா இனிமை', 'நோட்டோ' போன்ற தமிழ் எழுத்துருக்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இரண்டு வரி நிரலால் இவற்றைப் பக்கத்தில் சேர்க்கலாம். அட்டவணையும் கண்ணுக்குத் தெரியாத படமும் செய்த வேலையை இன்று சி.எஸ்.எஸ் செய்கிறது.

1990களில் பிரவுசிங் சென்டரில்கூடத் தமிழ்ப் பக்கத்தைப் படிக்க இயலாதிருந்த சிற்றூர்களுக்கு இம்மாற்றம் பொருள் உள்ளது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் எலவனாசூர்கோட்டையிலோ கல்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றிலோ உள்ள மாணவர், தம் ஊர்க் கோயிலைப் பற்றியோ மலையில் விளையும் தினை, சாமையைப் பற்றியோ கைபேசியிலேயே தமிழில் தட்டச்சு செய்து, பக்கமாக அமைத்து வெளியிடலாம். படிப்பவர் எதையும் நிறுவ வேண்டியதில்லை. முன்னோர் எழுத்துருவுக்குச் செலவிட்ட காலம் முழுவதையும் அவர் பொருளுக்கும் அமைப்புக்கும் செலவிட முடியும்.

மதிப்பீடு

தமிழ் வலைப்பக்க ஆர்வலர்கள் விட்டுச் சென்ற பாடங்கள் இன்றும் பயன்படுவன. தமிழின் நீண்ட சொல்லுக்கு அகன்ற பத்தி தேவை. மேலும் கீழும் நீளும் எழுத்துக்கு வரி இடைவெளி தேவை. அலங்காரம் எழுத்தை மறைக்கக் கூடாது. இவை அனைத்துக்கும் மேலாக, எழுத்து எழுத்தாகவே பதிய வேண்டும். வாழ்த்து அட்டைபோலச் செய்தியைப் படத்துக்குள் எழுதிப் பரப்பும் பழக்கம் இன்று சமூக ஊடகங்களில் மீண்டும் பெருகியுள்ளது. ஊர் வரலாறு, நினைவஞ்சலி, கவிதை எனப் பலவும் அவ்வாறே பகிரப்படுகின்றன. 1990களின் ஜிஃப் பக்கங்களைப் போல, அவற்றையும் நாளை தேடிக் கண்டெடுப்பது கடினம். எளிய அமைப்பில் எழுத்தாக வைக்கப்பட்ட மதுரைத் திட்டத்து நூல்கள் மூன்று குறியேற்றக் காலங்களைக் கடந்து இன்றும் படிக்கப்படுகின்றன.